அபூதாஹிரின் ஓட்டோவில் ஒளித்து வைத்த இரண்டு பேர்

திருகோணமலை இறங்குதுறையில் மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சுக்காகக் காலையில் காத்து நின்றவர்களுக்குச் சீலாவைத் தெரியாமல் இருக்காது. அவளுக்கென்று கடை எதுவும் இருந்ததில்லை. வீட்டுக் குசினியில் இடியப்பம் அவித்து, ஓலைப்பெட்டியில் அடுக்கி, தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைத் துறைமுகத் தெருவில் நின்று தானே விற்பாள். இடியப்பத்தோடு ஒரு கதையும் கிடைக்கும். லோஞ்ச் பிந்தினால் இரண்டு கதை.

அவளுடைய கணவர் இக்னேசியஸ் அந்த லோஞ்சுகளில் ஒன்றில் எஞ்சின் பார்த்தார். எஞ்சின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசுவதில் பயனில்லை என்று இளமையிலேயே முடிவு செய்து, கரைக்கு வந்த பிறகும் அதே முடிவில் நின்றவர். வீட்டில் இருவருக்கும் சேர்த்துச் சீலாவே பேசினாள்.

சீலா பாலையூற்றில் 1964இல் பிறந்தவள். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர். தாய் இறந்தபோது கடைசித் தங்கை றோஸுக்கு எட்டு வயது. றோஸுக்குப் பேன் பார்த்தது, கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளைச் சட்டை தைத்தது, கலவர காலத்தில் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது, உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்க அனுப்பியது எல்லாம் சீலாதான். றோஸ் இப்போது ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். வயது இருபத்தொன்பது. அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்காமல் தனக்கு நிம்மதியாக ஒரு நித்திரை வராது என்று சீலா சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் படுத்தவுடன் குறட்டை விடுகிறவள். ஆனாலும் அந்தக் கவலை பொய்யில்லை.

கவலைக்குக் காரணம் ஜெசிந்தா. சீலாவின் ஒரே மகள், 1994இல் பிறந்தவள். நடக்கும்போது குதிக்கால் நிலத்தில் படாது. தலைக்கு எண்ணெய் வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள். இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதி தொடாமல் தனியாக வைத்தால்தான் சாப்பிடுவாள். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. ஆனால் கேட்ட சத்தம் அப்படியே திரும்பி வரும். அந்தக் காலத்தில் பஸ்ஸில் போகிறவர்களைச் சோதனைச்சாவடியில் இறக்கி, நடக்க வைத்து, அந்தப் பக்கத்தில் மறுபடி ஏற்றுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு ஜெசிந்தாவுக்கு அது பாடமாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் நின்று, "இறங்கு, நட, ஏறு" என்பாள். பங்குத்தந்தைக்கும் அதே உபசாரம்தான். அவர் பணிவோடு சைக்கிளிலிருந்து இறங்கி நடந்திருக்கிறார்.

பிள்ளை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்குச் சீலாவிடம் ஒரு கதை இருந்தது. நீருக்கடியால் யாரும் வந்துவிடாமல் இருக்கக் கடற்படை துறைமுகத்துக்குள் வெடி போடுவது வழக்கம். ஊர் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகியிருந்தது. ஜெசிந்தா ஆறு மாதக் கருவாக இருந்தபோது ஒரு வெடி வழமையைவிடப் பலமாகக் கேட்டு, சீலாவின் படுக்கைக்குப் பக்கத்தில் கூரையிலிருந்து ஓர் ஓடு விழுந்தது. அந்த அதிர்ச்சி வயிற்றுப் பிள்ளையைத் தாக்கிவிட்டது என்பது கதை. ஓடு விழுந்தது உண்மை. ஒரே ஓர் ஓடு. பிள்ளைக்கு மூன்று வயதானபோது கதையில் ஒரு வரிசை ஓடு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது என்று சொன்ன வருடத்தில் பாதிக் கூரை போனது. ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயதானபோது சீலா அந்த வீட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததாகவே கேட்டவர்கள் நினைத்தார்கள்.

அந்தக் கதை றோஸுக்காகச் சொல்லப்பட்டது. வெடியால் வந்தது என்றால் குடும்பத்தில் குறை இல்லை. தங்கையைக் கேட்டு வருகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஒரு சம்பந்தம் ஜெசிந்தாவைப் பார்த்த கையோடு நின்றுபோனது. கதைக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அதைச் சீலா இக்னேசியஸுக்கு மட்டும் ஒருமுறை சொன்னாள். வெடி போட்டவனைத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் பாயைப் போட்டவள் அவள்தானே. பக்கத்து அறையில் போட்டிருக்கலாம். இக்னேசியஸ் மறுநாள் ஏணி வைத்து ஏறி, கூரை முழுவதும் ஓடு மாற்றினார்.

2003ஆம் ஆண்டு, சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். பாதைகள் திறந்திருந்தன, வெளிநாட்டில் இருந்தவர்கள் பெட்டியும் கையுமாக ஊர் பார்க்க வந்தார்கள். அப்படி விடுமுறையில் வந்த ஒரு டொக்டர் அம்மா பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பற்றிப் படித்தவர் என்றும், பங்குக் கோயில் மண்டபத்தில் சில நாட்கள் பிள்ளைகளைப் பார்க்கிறார் என்றும் செய்தி கொண்டுவந்தவர் அபூதாஹிர். ஓட்டோக்காரர். ஜெசிந்தா ஏறிக் கத்தாத ஒரே வண்டி அவருடையது என்பதால் அந்த வீட்டுக்கு அவர்தான் நிரந்தரச் சாரதி. றோஸுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தவரும் அவரே. கப்பல்துறையில் ஒரு நல்ல வேதக்காரக் குடும்பம். பையன் ஆனந்தராசா சீனன்குடாவில் எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை. இந்த இரண்டு வீட்டுக்கும் பொருத்தம் என்று அபூதாஹிர் அடித்துச் சொன்னார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று சீலா கேட்டதற்கு, ஓட்டோ ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் திருவிழாவுக்காகச் சின்ன மின்விளக்குகளை மாலை மாலையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டொக்டர் அம்மா கதிரையை விட்டிறங்கி ஜெசிந்தாவோடு நிலத்தில் உட்கார்ந்து, அவள் உடுப்புக் கவ்விகளை வரிசையாக அடுக்குவதை நெடுநேரம் பார்த்தார். இதற்கு ஓட்டிசம் என்று பெயர் என்றார். சீலா கூரைக் கதையை முழுமையாகச் சொன்னாள். டொக்டர் அம்மா இடைமறிக்காமல் கேட்டு, கடைசியில் மேலே கையைக் காட்டினார். அந்த விளக்குகளைக் கட்டுகிறவர்களுக்கு எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா. வயிற்றில் மூளை வளரும்போது, நரம்புக் கலங்கள் எங்கே போய் நிற்பது, எது எதோடு கை கோப்பது என்று சொல்வது மரபணுக்கள். அந்த வேலைக்கு மட்டும் ஏராளமான மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் சில வேறு மாதிரிச் சொன்னால் விளக்கு எரியாமல் போவதில்லை; வேறு ஒழுங்கில் எரியும். ஓட்டிசத்துக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது ஆராய்கிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றிரண்டு மரபணுக்களை ஒருசில குடும்பங்களில் கண்டும் இருக்கிறார்கள். மற்றவை இனிமேல்தான். இந்தப் பிள்ளையில் எது என்று இன்றைக்குச் சோதித்துச் சொல்ல முடியாது. தாய் தகப்பன் வழியாக வந்ததாகவும் இருக்கலாம், பிள்ளையிலேயே புதிதாக வந்த மாற்றமாகவும் இருக்கலாம்.

"ஒரு ஓடு விழுந்து இது வாறதில்லை அம்மா," என்றார் டொக்டர் அம்மா. "நீங்கள் எங்க பாய் போட்டிருந்தாலும் ஜெசிந்தா ஜெசிந்தாதான்."

பாயைப் பற்றிச் சீலா அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. எல்லாத் தாய்மாரும் எங்கேயோ ஒரு பாயைப் போட்டுவிட்டுத்தான் தன்னிடம் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் றோஸ் மகிழ்ச்சியில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று தான் படித்தது இதைத்தான் என்று அபூதாஹிரின் முதுகுக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். சீலா பேசவில்லை. அபூதாஹிர் இரண்டு தரம் ஓட்டோவை நிறுத்தி, சீலாத் தங்கச்சிக்குச் சுகமில்லையா என்று கேட்டார். ஒன்பது வருடமாகத் தலையில் இருந்த ஓடு இறங்கியதை அவள் உணர்ந்தாள். ஆனால் இறங்கிய இடம் றோஸின் தலை. பரம்பரையலகாம். இதைக் கப்பல்துறையில் கேட்டால் அவர்களை ஏற்றி வரும் ஓட்டோ இந்தத் தெருவுக்கே திரும்பாது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, கலியாணம் முடியும்வரை டொக்டர் அம்மாவின் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது என்று கட்டளையிட்டாள். பெண் பார்க்க வரும் நாளில் ஜெசிந்தாவும் வீட்டில் இருக்கக்கூடாது. ஓட்டோவில் சுற்றக் கூட்டிப் போவதாக அபூதாஹிர் வாக்குக் கொடுக்க வேண்டும்.

"மறைச்சுச் செய்யிற கலியாணம் எனக்கு வேண்டாம் அக்கா," என்றாள் றோஸ்.

"ஆரடி மறைக்கிறது? கொஞ்சம் பிந்திச் சொல்லுறம். லோஞ்ச் பிந்தினா மூதூருக்குப் போகாமலா விடுது?"

அபூதாஹிர் வாக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தில் தெரிந்த தவிப்பைச் சீலா வெயில் களைப்பு என்று நினைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்த பிறகு கப்பல்துறைக்காரர் வந்தார்கள். அபூதாஹிர்தான் ஏற்றி வந்தார். ஆனால் வாசலுக்கு வராமல் தெரு முனையிலேயே ஓட்டோவை நிறுத்திவிட்டார். பையனின் தகப்பன் தம்பிராசாவும் தாய் குணமணியும் அங்கிருந்து நடந்து வந்தார்கள். ஆனந்தராசா மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். அவர்கள் முன்வாசலால் நுழையும்போது இக்னேசியஸ் ஜெசிந்தாவைப் பின்வாசலால் கூட்டிக்கொண்டு முனைக்குப் போனார். திரும்பி வந்தவரின் முகத்தில் ஏதோ ஒரு ஆச்சரியம் இருந்தது. என்ன என்று சீலா கண்ணால் கேட்டாள். இக்னேசியஸ் தலையைச் சொறிந்துவிட்டு, தன் குணப்படி, போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

தம்பிராசா கலகலப்பானவர். கடலைப் பற்றி, எண்ணெய் விலையைப் பற்றி, தம்பலகாமத்தில் தன் வயலுக்குள் வந்த யானையைப் பற்றி எல்லாம் கதைத்தார். குணமணி மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி தெருப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சீலாவும் அந்தப் பக்கமே பார்த்ததால் இருவர் பார்வையும் யன்னலில் முட்டிக்கொண்டன. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று குணமணி கேட்டார். ஒரு மகள், பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள் சீலா. உங்களுக்கு எத்தனை மகன்மார் என்று மரியாதைக்குத் திருப்பிக் கேட்டாள்.

தம்பிராசா இரண்டு என்றார். அதே நொடியில் குணமணி ஒன்று என்றார். பிறகு தம்பிராசா ஒன்று என்றும் குணமணி இரண்டு என்றும் திருத்தினார்கள். மூத்தவன் வெளியூரில் என்று கடைசியில் முடிவானது. ஆனந்தராசா நிலத்தைப் பார்த்தான். தேநீர்த் தட்டோடு வந்த றோஸ் அவனைப் பார்த்தாள். பார்த்தது கலியாணப் பார்வையாக இல்லை, வகுப்பில் பென்சிலை ஒளித்து வைத்த பிள்ளையைப் பார்க்கும் பார்வையாக இருந்தது.

அப்போதுதான் அபூதாஹிர் படலையடியில் வந்து நின்றார். வியர்த்திருந்தது. வீட்டுக்குள் யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்:

"நேவிக்காரன் அடையாள அட்டை கேக்கிறான். வீட்டு ஆள் வராம விடமாட்டானாம்."

சீலா எழுந்தாள். பிள்ளைக்கு அடையாள அட்டை ஏது. அலுமாரியைத் திறந்து பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு படலைக்கு ஓடினாள். பக்கத்தில் இன்னொருவர் ஓடி வருவது தெரிந்தது. குணமணி. திறந்த கைப்பையும் கையில் ஓர் அட்டையுமாக. வரும் வழியில் சீனன்குடாச் சாவடியில் எல்லாருடைய அட்டையையும் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் தன் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டார் அவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

ஓட்டோ படலைக்கு வெளியே நின்றது. பக்கத்தில், சாவடியிலிருந்து கூடவே வந்த இளம் கடற்படைக்காரன் ஒருவன், துப்பாக்கி தோளில். ஓட்டோவுக்குள் கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டையோடு முப்பது வயது தாண்டிய ஒருவர் விரித்த குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெசிந்தா அந்தக் குடையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். குடை சுற்றச் சுற்ற இருவரும் சிரித்தார்கள். சீலா மகளை அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

"இறங்கு, நட, ஏறு," என்றாள் ஜெசிந்தா.

அந்த மனிதர் உடனே குடையோடு இறங்கி, ஓட்டோவைச் சுற்றி நடந்து, மறுபடி ஏறி உட்கார்ந்தார். ஜெசிந்தாவின் சொல்லைக் கடைசிவரை நிறைவேற்றிய முதல் ஆள் அவர்தான்.

"அங்கயும் இதுதான் செய்தது," என்றான் கடற்படைக்காரன் தன் தமிழில். "சின்னப் பிள்ளை சொல்லுது, இந்த ஐயா இறங்குது, ஏறுது. நாங்க ஒண்ணும் சொல்ல முந்தியே. கார்ட் மட்டும்தான் இல்ல." அட்டையைப் பார்த்தான். சந்தியோகு என்று வாசித்தான். சந்தியோகுவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுச் சாவடிக்கு நடந்தான்.

எல்லாரும் அபூதாஹிரைப் பார்த்தார்கள்.

"என்னைப் பாக்க வேணாம்," என்றார் அவர். "அந்த வீட்டிலயும் ஆருக்கும் சொல்லாதையுங்கோ எண்டு வாக்கு வாங்கினது. இந்த வீட்டிலயும் வாங்கினது. நான் ஆருக்கும் சொல்லயில்ல. ஒரு ஓட்டோவில ரெண்டு பேரை ஏத்தினன், அவ்வளவுதான்."

எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஒளித்தவர்களும் ஒளிக்கப்பட்டவர்களும். குசினிப் பக்கம் சந்தியோகுவும் ஜெசிந்தாவும் குடையோடு உட்கார்ந்தார்கள். பிறகு குணமணி கைப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முப்பத்துமூன்று வருடத்துக்கு முன், மூத்தவன் சந்தியோகு வயிற்றில் இருந்தபோது, சந்திர கிரகணம் பிடித்தது. உள்ளே இரு என்று மாமியார் சொல்லியும் கேளாமல் முற்றத்துக்கு வந்து பார்த்துவிட்டார். இருபத்திரண்டு வயது, ஆசை. அதனால்தான் பிள்ளை இப்படி. மாமியார் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினார். இப்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாராம்.

சீலா தன் ஓட்டுக் கதையைச் சொன்னாள். பழக்கத்தில் கூரையும் கொஞ்சம் பறந்தது. கேட்டதும் தம்பிராசாவின் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் ஒரு சிக்கலும் இல்லை. ஒன்று கிரகணம், மற்றது வெடி, இரண்டும் வெளியாலே வந்தது, குடும்பத்தில் குறை இல்லை, பிறக்கப் போகிற பிள்ளைகளுக்கும் பயமில்லை, திகதி குறிக்கலாமா என்றார்.

சீலாவுக்கு அதைவிட என்ன வேண்டும். ஓம் என்று ஒரு சொல் போதும். தங்கையின் கலியாணம் தட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. றோஸ் அவளைப் பார்த்தாள். சீலா பார்த்தது குணமணியை. திகதி என்ற சொல்லுக்கு எல்லாரும் நிமிர்ந்தபோது அந்த அம்மா மட்டும் நிமிரவில்லை. கிரகணம் அவர் மடியிலேயே இருந்தது. பாய் போட்ட இடத்தை ஒன்பது வருடம் நினைத்தவளுக்கு அது என்ன என்று தெரிந்தது. இந்த அம்மாவுக்கு முப்பத்துமூன்று வருடம்.

"கிரகணத்தால இல்ல மாமி," என்றாள் சீலா.

குணமணி நிமிர்ந்தார்.

"நான் சொன்னதும் சரியில்ல. ஒரு ஓடுதான் விழுந்தது. அதாலயும் இல்லையாம். டொக்டர் அம்மா சொன்னவ." பிறகு மண்டபத்து விளக்குகளையும், வயர்களையும், வேறு ஒழுங்கில் எரிவதையும், தனக்கு விளங்கிய அளவுக்குச் சொன்னாள். விளங்காத இடங்களை றோஸ் எடுத்துக்கொண்டாள். குடும்ப வழியாக வந்ததாக இருக்கலாம் என்ற பகுதியையும் சீலா விடவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் தங்கையின் பக்கம் பார்க்கவில்லை. "முற்றத்துக்குப் போனதால ஒண்டும் நடக்கேல்ல. நீங்கள் நிலவைத்தான் பாத்தனீங்கள்."

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை," என்றார் குணமணி.

சீலா இன்னொரு முறை சொன்னாள். குணமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவரிடம் திரும்பினார். "கேட்டீங்களோ? இனி உங்கட அம்மாவுக்குப் பூசை குடுக்கேக்க இதையும் சேத்துச் சொல்லிப்போடுங்கோ."

தம்பிராசா திகதியை மறந்துபோனார். யோசித்துப் பார்த்தால் தன் சின்னையா ஒருவர் சாகும்வரை ஒரே நிறச் சாரம்தான் உடுத்தார் என்றும், சாரத்தை மாற்றினால் கிணற்றடியை விட்டு வரமாட்டார் என்றும், அதை யாரும் கிரகணம் என்று சொன்னதில்லை என்றும் மெதுவாக ஒப்புக்கொண்டார்.

அதுவரை பேசாதிருந்த ஆனந்தராசா, டொக்டர் அம்மா எப்போது திரும்பிப் போகிறார் என்று றோஸிடம் கேட்டான். அவர்கள் தங்களுக்குள் கதைத்த முதல் கதை அதுதான். மறுநாள் இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள். துணைக்குச் சீலா, ஓட்டோவுக்கு அபூதாஹிர். இரண்டு வீட்டிலும் ஒவ்வொருவர் இருப்பதால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்றும், எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்றும், இப்படிப்பட்ட பல வீடுகளில் வராமலே போகிறது என்றும் டொக்டர் அம்மா மறைக்காமல் சொன்னார். வெளியே வந்து இருவரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். சீலா ஓட்டோவில் இருந்து அவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் றோஸ் சிரித்துக்கொண்டு வந்து ஏறினாள்.

"என்னவாம்?" என்றாள் சீலா.

"சந்தியோகு அண்ணையை மாதிரி ஒரு பிள்ளை வந்தா எப்பிடிப் பாக்கிறது எண்டு தனக்குத் தெரியுமாம். ஜெசிந்தாவை மாதிரி வந்தா எனக்குத் தெரியுமோ எண்டு கேட்டார். குடை வாங்கி வைப்பம் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

அடுத்த தை மாதத்தில் கலியாணம் நடந்தது. பாண்டு வாத்தியச் சத்தம் தொடங்கியதும் ஜெசிந்தா காதைப் பொத்தினாள்; சந்தியோகு கதிரைக்கு அடியில் போக இடம் தேடினார். இந்த முறை யாரும் பதறவில்லை. கோயிலுக்கு வெளியே மாப்பிள்ளை பெண்ணுக்காக அலங்கரித்து நிறுத்தியிருந்த ஓட்டோவில் இருவரும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மணமக்கள் வெளியே வந்தபோது வண்டியில் இடம் இல்லை. புதுமாப்பிள்ளை தன் மோட்டார் சைக்கிளிலேயே பெண்ணை ஏற்றிக்கொண்டு போனான். இரண்டு குடும்பமும் சேர்ந்து எடுத்த படத்தில் ஓரமாக அந்த ஓட்டோவும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடையும் இருக்கின்றன.

இறங்குதுறையில் சீலா பிறகும் இடியப்பம் விற்றாள், கதையும் சொன்னாள். பிள்ளை ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் மண்டபத்து விளக்குகளில் தொடங்குவாள். லோஞ்ச் பிந்தினால் ஓட்டுக் கதையும் வரும். ஆனால் கூரை இப்போது அசையாது.

"ஒரு வெடி கேட்டுது, ஒரு ஓடு விழுந்தது," என்பாள். "பிள்ளை வயித்துக்குள்ள சுகமாத்தான் இருந்தது. நான்தான் பயந்தனான்."